மாதம் தொண்ணூறு மிச்சம்

அடுத்தவர் வீட்டு மீட்டரைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். செருப்பு அலமாரிக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்கு மேலே, குளவி கூடு கட்டிய பெட்டிக்குள், நாயைக் கட்டிவைத்திருக்கும் தூணுக்கு நேர் எதிரே என்று மனிதர்கள் மீட்டரை ஒளித்துவைக்காத இடமே கிடையாது. குனிந்தும் எக்கியும் ஒற்றைக் காலில் நின்றும் எண்ணைப் படித்துக் கையிலுள்ள கருவியில் ஏற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். மாதம் ஆயிரத்து இருநூறு வீடுகள். எந்த வீட்டில் புதிதாக ஏ.சி. வந்திருக்கிறது, எந்த வீட்டில் பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு எண்ணாகவே தெரிந்துவிடும். அதை யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் அறிவுரை சொல்லாமல் மட்டும் இருக்க முடியாது. "ஏம்மா, நானூறு தாண்டிருச்சே, ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரப் பாருங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு நகர்வதில் எனக்குத் தனி சுகம். என்னை யாரும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் என்று மூன்று பேர். மாதம் எழுபத்தெட்டு யூனிட் ஓடும். இதைச் சொல்லும்போது இன்றும் என் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, வெட்கங்கெட்ட நெஞ்சு. எழுபத்தெட்டு சும்மா வரவில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பல்ப், கதவைத் திறந்துவைத்தால் இரண்டுக்கும் வெளிச்சம். ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன்பே என்ன எடுக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும், திறந்துவைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. விருந்தாளி வந்தால் ஃபேனை நாலில் வைப்பேன், அவர் பேச்சில் மும்முரமானதும் இரண்டுக்கு இறக்கிவிடுவேன். என் மனைவி எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் "நிறுத்தியாச்சா?" என்று கேட்பேன். "நிறுத்தியாச்சு" என்பாள். நாங்கள் இருபத்திரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டதில் பாதி இந்த இரண்டு வார்த்தைகள்தான்.

அவள் தையல்காரி. வாசல் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, பேன்ட் இடுப்புப் பிரிப்பது என்று வந்ததையெல்லாம் தைப்பாள். மெஷின் வாங்கும்போது அதோடு ஒரு சின்ன மோட்டார் வந்தது. "காலு நல்லாத்தானே இருக்கு, கரண்ட் எதுக்கு?" என்று அன்றைக்கே கழற்றி, வந்த விலைக்கு விற்றுவிட்டேன். பத்தொன்பது வருஷமாக அவள் மிதித்தே தைத்தாள். தைத்துத் தைத்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் சேர்த்திருந்தாள்.

அந்தப் பணத்துக்கு ஒரு முகவரி இருந்தது. கடைத்தெருவில் மருந்துக் கடைக்கும் சாவி செய்பவருக்கும் நடுவில் ஒரு காலிக் கடை. எட்டடிக்குப் பன்னிரண்டடி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அட்வான்ஸ், இரண்டு புது மெஷின், ஒரு பெயர்ப் பலகை எல்லாம் சேர்த்து அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கடையின் சொந்தக்காரரிடம் இரண்டு முறை போய்ப் பேசிவிட்டும் வந்திருந்தாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. "இப்ப விட்டா அப்புறம் எப்பங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சோலார் கம்பெனி ஏஜென்ட் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

வேறு யாராவது என்றால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள். நான் உட்காரவைத்தேன். மின்சாரம் பற்றி ஒருவர் என்னிடமே பேச வருவதாவது, ஆளைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம் என்கிற ஆசை. அவர் தன் டேப்லெட்டைத் திறந்து, "உங்கள மாதிரி மாடி வீட்டுக்கு மாசம் எவ்வளவு சார் ஓடும்?" என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு "முன்னூத்தி எண்பது" என்றேன்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரீடிங் எடுக்கப் போகும்போது வீடு பூட்டியிருந்தால், 'பூட்டியிருந்தது' என்று குறித்துவிட்டு ஏரியா சராசரியை ஏற்றிவிடுவது வழக்கம். என் ஏரியாவின் சராசரி முன்னூற்று எண்பது. என் சொந்தத் தெரு என் ஏரியாவில் கிடையாது, அவரவர் தெருவை அவரவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அவர் 'மாடி வீடு' என்றதும் என் வாய் தானாகச் சராசரியைச் சொல்லிவிட்டது. எழுபத்தெட்டு என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன், கணக்குப் போட வேண்டிய இடத்தில் சொந்த வீட்டைப் பூட்டிய வீடாக நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி தைத்துக்கொண்டே தலையைத் தூக்கினாள். "நம்ம வீட்டுக்கு அவ்வளவு ஓடாதேங்க."

"நீ சும்மா இரு. யாருகிட்ட சொல்ற? இருபத்தாறு வருஷமா மீட்டர் பாக்குறவன்கிட்டயா?"

அவள் மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். ஏஜென்ட் தட்டினார், தேய்த்தார், திரையை என் பக்கம் திருப்பினார். பேனல் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பேட்டரி தொண்ணூறாயிரம். ஆக இரண்டு லட்சம். மாதம் மிச்சம் இரண்டாயிரத்து எழுநூறு. போட்ட பணம் திரும்பி வர ஆறு வருஷம் இரண்டு மாதம். அதற்குப் பிறகு சூரியன் இருக்கும் வரைக்கும் இலவசம். "பேட்டரி இல்லாம பேனல் மட்டும் போட்டுக்கலாம் சார்" என்று அந்த மனிதர் நியாயமாகத்தான் சொன்னார். நான்தான் விடவில்லை. பகலில் வந்த கரண்டைப் பிடித்துவைக்காமல் வெளியே விடுவதா? என் வளர்ப்பு அப்படி.

என்னிடம் நாற்பதாயிரம்தான் இருந்தது. மீதி ஒரு லட்சத்து அறுபதாயிரம் யாரிடம் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் அவளோடு பேசினேன். கடைக்கு வாடகை போனால் போனதுதான், சூரியன் வாடகை கேட்காது என்றேன். ஆறு வருஷத்தில் உன் பணம் முழுசாக உன் கையில் இருக்கும், அப்போது ஒன்றுக்கு இரண்டு கடை போடு என்றேன். நாலாவது நாள் அவள் பீரோவைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாள். துணியில் கோடு போடும் சாக்பீஸால், பீரோக் கதவின் உள்பக்கம் ஆறு வருஷம் இரண்டு மாதம் கழித்து வரும் தேதியை எழுதினாள்.

"இது சும்மா ஞாபகத்துக்கு" என்றாள்.

மாடியில் பேனல் ஏறியது. மாடிப்படிக்குக் கீழே பேட்டரி வந்து உட்கார்ந்தது, சின்ன ஃப்ரிட்ஜ் அளவுக்கு, வெள்ளையாக, ஒரு பச்சை விளக்கோடு. தினமும் துடைத்தேன். முதல் மாதம் பில் பூஜ்யம். பூஜ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இரண்டு முறை தேவையில்லாமல் நடந்தேன். நிறுத்திக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டினேன்.

இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சத்தை எழுதிவைத்துக்கொள்ளலாம் என்று பேனாவும் காகிதமுமாக ஆசையாக உட்கார்ந்தேன். முன்பு எங்களுக்கு வந்த பில் எவ்வளவு? எழுபத்தெட்டு யூனிட், முதல் நூறு யூனிட் மலிவு விலை, ஆகவே இருநூற்று முப்பத்து நாலு. இப்போது பூஜ்யம். அப்படியென்றால் மிச்சம் இருநூற்று முப்பத்து நாலு. நாங்கள் தின்றது போக மிஞ்சிய கரண்டை ஆபீஸ் வாங்கிக்கொள்கிறது. நாம் வாங்கினால் முழு விலை, நாம் கொடுத்தால் கால் விலை. அதில் நூற்று அறுபத்தாறு. மொத்தம் நானூறு.

இரண்டாயிரத்து எழுநூறு எங்கே என்று காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாக இருந்தது.

வகுத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு வருஷம் எட்டு மாதம். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. பணம் திரும்பி வரும் நாளில் எனக்குத் தொண்ணூற்றிரண்டு முடிந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். அவளுக்கு எண்பத்தேழே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. புதுக் கடையில் ஊசியில் நூல் கோக்கத் தனியாக ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

இருநூற்றுச் சொச்சம் பில் வரும் வீட்டில் பில்லைக் குறைக்க இரண்டு லட்சம் செலவழித்திருக்கிறேன். இதைச் செய்ய ஒரு கஞ்சனால் மட்டும்தான் முடியும். தாராளமாகக் கரண்ட் செலவழிக்கிற எவன் வீட்டிலாவது அதே பேனல் அதே வெயிலில் ஆறு வருஷத்தில் காசைத் திருப்பியிருக்கும். இத்தனை வருஷம் ஒவ்வொரு சுவிட்சாக நிறுத்தி நிறுத்தி, மிச்சம் பிடிக்க எதுவுமே இல்லாமல் செய்துவைத்திருந்தேன்.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "இந்த மாசம் எவ்வளவுங்க மிச்சம்?" என்று கேட்டாள். "ரெண்டாயிரத்து எழுநூறு" என்றேன். "நமக்குத்தான் அவ்வளவு பில்லே வராதே?" என்றாள். "மிஞ்சின கரண்ட்ட ஆபீஸுக்கு விக்கிறோம்ல" என்றேன். விற்கிறோம் என்பது பொய் இல்லை. என்ன விலைக்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. தினமும் காலையில் சட்டை எடுக்கப் பீரோவைத் திறப்பேன். சாக்பீஸில் எழுதிய தேதி எதிரே நிற்கும். சட்டையை உருவிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவேன்.

சரி, சொல்லத்தான் தைரியமில்லை, எண்ணையாவது உண்மையாக்கிப் பார்ப்போம் என்று புறப்பட்டேன். கரண்ட் செலவு கூடினால்தானே மிச்சமும் கூடும்? ஏரியாவில் வெயிலில் நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்கு ஃபோன் போடுவேன்.

"வெயில் சும்மா கொளுத்துது. ஏதாவது போடு."

"என்னத்தப் போட?"

"எதையாவது போடேன். ஃபேன் போடு. அயர்ன் பாக்ஸப் போடு."

"அயர்ன் பண்ண துணி இல்லங்க."

"பண்ணினதையே திருப்பிப் பண்ணு. மெஷினுக்கு மோட்டார் போட்டுக்கோயேன், எதுக்குக் கால வலிக்க வலிக்க மிதிச்சுட்டு இருக்க?"

"மோட்டாரத்தான் வித்துட்டீங்களே" என்றாள்.

கரண்ட் அடுப்பு வாங்கினேன். வெந்நீர் போட ஹீட்டர் வாங்கினேன். கரண்டை மிச்சம் பிடிப்பதற்காகச் சாமான் வாங்கிய செலவு தனியாகப் பத்தாயிரத்தைத் தொட்டது. "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று என் மகள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பாவம், பட்டப்பகலில் அப்பா லைட்டைப் போட்டு அவள் பார்த்ததே இல்லை.

இதற்கு நடுவில் ஃபோனில் ஒரு ஆப் வேறு. மாடியில் எவ்வளவு கரண்ட் வருகிறது, பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் காட்டும். ஒரு கண்ணை அதில் வைத்துக்கொண்டே அடுத்தவர் வீட்டு மீட்டரைப் படித்தேன். அப்படிப் படித்த ஒரு நாள், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வீட்டில் பதினாலாயிரத்துச் சொச்சத்தைப் பதினாறாயிரத்துச் சொச்சமாக ஏற்றிவிட்டேன். கருவி சிவப்பாக மினுக்கி 'நிச்சயமா?' என்று கேட்டது. ஆப்பில் மேகம் விலகியிருந்தது. ஆமாம் என்று அழுத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். இரண்டாயிரம் யூனிட் அதிகம். நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, திருத்திய பில்லைக் கொடுத்துவிட்டு வா என்று துரத்தினார்கள்.

பஸ் டிரைவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்துத் தயாராகப் போனேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளறையில் அவர் மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மெஷின் இருபத்திநாலு மணி நேரமும் ஓடுது தம்பி. அதான் பில் இவ்வளவு ஏறிருச்சுன்னு நினைச்சோம்" என்றார். "கொஞ்சம் கொறைச்சுப் பாக்கலாம்னு ஒருநாள் ஒரு மணி நேரம் நிறுத்திப் பாத்தோம். அவளால முடியல."

நான் அடிக்கடி அசடு வழிகிற ஆள், அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு. அன்றைக்கு அசடு வழியக்கூட முகம் வரவில்லை. என் ஒரு விரல் அழுத்தியதற்கு ஒரு மனுஷி ஒரு மணி நேரம் மூச்சுக்குத் தவித்திருக்கிறார். "தப்பு என்னோடதுங்க, மெஷின் மேல தப்பில்ல, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க" என்று மூன்று முறையோ நாலு முறையோ சொன்னேன்.

அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவர் கவலை வேறாக இருந்தது. "கரண்ட் போனாத்தான் தம்பி பயமா இருக்கு. இந்தப் பழைய இன்வெர்ட்டர் நாப்பது நிமிஷம்கூடத் தாங்க மாட்டேங்குது."

வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்டு பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும்" என்று உளறிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இந்த மெஷின அதுல போட்டா ஆறு மணி நேரம் ஓடுமா?"

"ஆறு என்னங்க, அதுக்கு மேலயும் ஓடும்."

"புதுசு வாங்க என்னால முடியாது. யாராவது பழச விக்கிறாங்கன்னா சொல்லுங்க. அறுபத்தஞ்சாயிரம் வரைக்கும் பாத்துக்குறேன்."

எத்தனை வருஷத்தில் காசு திரும்பும் என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனை மணி நேரம் என்று மட்டும்தான் கேட்டார். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிறு காலையில் என் மனைவி தரையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் ஆக்சிஜன் மெஷினைப் பற்றிச் சொன்னேன், என் தப்பைச் சொன்னேன், அவர் அறுபத்தைந்தாயிரத்துக்குள் பழைய பேட்டரி கேட்டதையும் சொன்னேன்.

"பாவங்க, குடுத்துரலாம்" என்றாள் உடனே. பிறகு கத்திரியை நிறுத்தினாள். "குடுத்துட்டா நம்ம மிச்சத்துல எவ்வளவு கொறையும்? தேதி தள்ளிப் போகுமா?"

தப்பிக்கவே முடியாத கேள்வி. பேட்டரியால் எங்களுக்கு மாதம் என்ன லாபம் என்று முன்பே தனியாக ஒருநாள் போட்டுப் பார்த்து, காகிதத்தைக் கிழித்தும் போட்டிருந்தேன். பெரிய எண்ணாக ஒன்றைச் சொன்னால் பேட்டரி போகாது, அந்த அம்மாவுக்கு மூச்சு இல்லை. உண்மையைச் சொன்னால் நான் இல்லை.

"தொண்ணூறு" என்றேன்.

"தொண்ணூறா? எதுக்கு?"

"மாசத்துக்கு."

"தொண்ணூறாயிரம் குடுத்து வாங்கின பேட்டரி மாசம் வெறும் தொண்ணூறா மிச்சம் பிடிக்குது?"

வகுத்துப் பார்க்க என் மகளுக்குக் கால்குலேட்டர்கூடத் தேவைப்படவில்லை. "ஆயிரம் மாசம்பா" என்றாள். "எண்பத்தி மூணு வருஷம்."

அதற்கு மேல் பூசி மெழுக ஒன்றும் இல்லை. நானூறையும் நாற்பத்தொரு வருஷத்தையும் கொட்டிவிட்டேன். முன்னூற்று எண்பது எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் என்னைப் பார்க்காமல் வெட்டிய துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். அழுவாள் என்று பயந்தேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ்வளவு ஓடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

"சொன்ன."

"இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொரு லைட்டுக்கும் உங்ககிட்டக் கணக்கு சொல்லியிருக்கேன். ஆறு மாசமா எனக்கு ஒரே ஒரு கணக்கு நீங்க சொல்லல."

எனக்கு வெட்கமாக இருந்தது. பணம் போனதற்காகக்கூட இல்லை. அவள் சொன்னது அத்தனையும் சரியாக இருந்ததற்காக. "தப்புதான்" என்றேன்.

"தப்புன்னு எனக்கும் தெரியுது. அந்த அறுபத்தஞ்ச வாங்குங்க. எனக்கு வேணும்."

பேட்டரி பஸ் டிரைவர் வீட்டுக்குப் போயிற்று. பொருத்திய அன்று நானும் உடனிருந்தேன். மெயினை நிறுத்திப் பார்த்தார்கள். ஆக்சிஜன் மெஷின் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியது. கட்டிலில் இருந்த அம்மா கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். எட்டு மாதம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேனே ஒழிய, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பணத்தை எடுத்துக்கொண்டு என் மனைவி நேராகக் கடைத்தெருவுக்குப் போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் உட்கார்ந்தாள். மருந்துக் கடைக்கும் சாவி செய்பவருக்கும் நடுவில் யாரோ ஃபோன் கவர் விற்கிறார்களாம். வந்து ஆறு மாதம் ஆகிறதாம். "கண்ணாடிக்குப் பின்னாடி ஒரே கலர் கலரா தொங்குதுங்க" என்றாள். அன்று மாலை அவளே ஒரு ஈரத் துணியை எடுத்துப் பீரோக் கதவைத் துடைத்துவிட்டாள். நான் பார்க்காதது போல இருந்தேன். அது ஒன்றைத்தான் அன்று என்னால் செய்ய முடிந்தது.

மூன்று வாரம் அலைந்து வேறு ஒரு கடை பிடித்தாள். ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, முதல் கடையில் பாதி. கண்ணாடி கிடையாது, ஷட்டர்தான். மேற்கே பார்த்த வாசல். மதியம் இரண்டு மணியிலிருந்து வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அட்வான்ஸ் போக மிச்சத்தில் மோட்டார் வைத்த பழைய மெஷின் ஒன்று வாங்கினாள். இரண்டாவது மெஷினுக்கும் பலகைக்கும் பணம் போதவில்லை. என் மகள் அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்.

பேனல் இன்னும் மாடியில்தான் இருக்கிறது. "பேட்டரி இல்லாம பாத்தா இருபத்தொன்பதரை வருஷம்பா. உங்களுக்கு எண்பது வயசு தாண்டினதும் லாபம் ஆரம்பிச்சுரும்" என்று மகள் ஆறுதல் சொன்னாள். ஏரியாவில் சில பேர் இப்போது என்னிடம் சோலார் போடலாமா என்று யோசனை கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது, பக்கத்து வீட்டுக் கணக்கு வேண்டாம் என்கிறேன். பகலில் ஓடுகிறதா இரவில் ஓடுகிறதா, கரண்ட் போனால் உங்கள் வீட்டில் எது நின்றுபோகும் என்று கேட்கிறேன். அதோடு, வீட்டில் இருக்கிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. பெரிய முன்னேற்றம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய கடை இருக்கும் தெரு என் ஏரியா. சொந்த வீட்டுத் தெருவுக்குத்தான் சட்டம், மனைவியின் கடைக்கு ஆபீஸில் சட்டம் இல்லை. முதல் மாத ரீடிங் எடுக்க ஒரு மதியம் போனேன். கையில் கருவி, தோளில் பை. தெருமுனை திரும்பும்போதே அவள் மெஷினில் குனிந்திருப்பது தெரிந்தது. மனசுக்குள் ஒரு குதூகலம், மறைப்பானேன்?

வாசல் படியேறி உள்ளே போனேன். வெயில் முழங்கால் வரை வந்திருந்தது. அனல். அவள் நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை. தலைக்கு மேலே ஃபேன் இறக்கைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் மெதுவாகி, ஒரு முறை தயங்கி, நின்றன. அவள் கை சுவிட்சுக்குப் பக்கத்திலிருந்து அப்போதுதான் மெஷினுக்கு வந்தது.

"யாரப் பாத்து நிறுத்தின?" என்றேன். "மீட்டர்காரனப் பாத்தா, புருஷனப் பாத்தா?"

"ரெண்டும் ஒரே ஆளுதானே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ரீடிங் எடுத்தேன். நூற்று நாற்பத்தாறு. வீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் கருவியில் ஏற்றினேன்.

"ஃபேனப் போட்டுக்கோ. வேர்க்குது பாரு."

"போட்டுக்குறேங்க. நீங்க போங்க."

"இப்பவே போடேன்."

"போடுறேன். நீங்க போங்க, அடுத்த கடை மூடிருவாங்க."

நின்று பார்த்தேன். அவள் துணியை நேராக்கிக்கொண்டிருந்தாள். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். நான் கடைசிப் படியில் இறங்கிய பிறகுதான் சுவிட்சு போடும் சத்தம் கேட்டது.